கியர் ஏன் தாமதமாக இறங்குகிறது? – மலைச்சாலையிலிருந்து ஒரு பழுதறிதல் பாடம்

வகுப்பு: 9, 10 அறிவியல், மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு
தொடர்புடைய பாடக் கருத்துகள்: திருப்புவிசையும் பற்சக்கரங்களும், பாஸ்கல் விதி, ஆற்றல் மாற்றம், விகிதம், சராசரி

ஜவ்வாது மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு பிக்கப் வண்டியின் ஓசை பள்ளி மணியைப் போலப் பழகிப்போன ஒன்று. சாமை மூட்டை, புளி, பலா, சீத்தாப்பழம் எதுவானாலும் ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே போளூருக்கோ, காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கோ அதில்தான் இறங்குகிறது. மளிகையும் சிமெண்டும் உரமும் அதில்தான் ஏறி வருகின்றன. நம் மாணவர்களில் பலருக்குச் சித்தப்பாவோ மாமாவோ ஓட்டுநர். வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கியரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்றைய பாடத்தை அவனே நடத்துவான்.

அப்படி ஒரு பையன் தொடங்கி வைத்த பாடம்தான் இது. பற்சக்கரங்கள் பற்றிய பாடத்தின் நடுவே எழுந்து, "சார், எங்க மாமா புதுசா ஒரு பழைய பிக்கப் வாங்கியிருக்காரு. ஆட்டோமேட்டிக் கியர். ஏத்தத்துல மிதிச்சா உடனே கியர் இறங்க மாட்டேங்குது. யோசிச்சு யோசிச்சு இறங்குது. கீழ ஒரு ஒர்க்‌ஷாப்புல கியர் பெட்டியையே கழட்டணும்னு சொல்லிட்டாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கியர் பெட்டியைக் கழற்றுவது என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பருவத்தின் விளைச்சல் வருமானம் போய்விடும். "கழற்றுவதற்கு முன் கண்டுபிடிக்க முடியுமா?" என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த 3 வாரங்களுக்கு, வாரம் 2 பாடவேளை வீதம், எங்கள் அறிவியல் பாடம் அதுவாகவே ஆனது.

முதலில்: ஏன் கியர் இறங்க வேண்டும்?

மாணவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். சைக்கிளில் மேடு ஏறும்போது காலுக்குச் சுமை கூடுகிறது. கியர் சைக்கிள் என்றால் எளிய கியருக்கு மாற்றுவோம். கால் வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் தேவைப்படும் விசை குறையும். வண்டியிலும் இதே கதைதான்.

கணக்காகப் பார்ப்போம். சுமையுடன் 3,000 கிலோகிராம் நிறையுள்ள பிக்கப், 12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது.

மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீட்டர். ஆகவே, நொடிக்கு 11.1 ÷ 12 = 0.93 மீட்டர் உயரம் ஏறுகிறது. எடையைத் தூக்க மட்டும் தேவையான திறன் 3,000 × 9.8 × 0.93. ஏறத்தாழ 27 கிலோவாட். டயரின் உராய்வும் காற்றின் தடையும் இதற்கு மேல்.

இந்தத் திறனை எஞ்சின் எந்தச் சுழற்சி வேகத்தில் தர வேண்டும்? தானியங்கி கியர் பெட்டி ஒன்றின் 6 கியர் விகிதங்கள் ஏறத்தாழ 3.6, 2.1, 1.5, 1.0, 0.7, 0.6 என வைத்துக்கொள்வோம். பின் அச்சின் விகிதம் 4.1, டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கியர் பெட்டியின் வெளியீட்டுத் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 முறை சுற்றும்.

4-ஆம் கியரில் உள்ளீட்டுத் தண்டு: 1,200 × 1.0 = 1,200 சுற்று
3-ஆம் கியரில்: 1,200 × 1.5 = 1,800 சுற்று
2-ஆம் கியரில்: 1,200 × 2.1 = 2,520 சுற்று

27 கிலோவாட்டை 1,200 சுற்றில் தர ஏறத்தாழ 215 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவை. 1,800 சுற்றில் 144 போதும். டர்போ டீசல் எஞ்சின் 1,200 சுற்றில் திணறும். 1,800-இல் டர்போ நன்றாகக் காற்றைத் தள்ளத் தொடங்கியிருக்கும். ஆகவே, ஏற்றத்தில் கியர் இறங்கத்தான் வேண்டும். தாமதித்தால் வண்டி வேகம் இழக்கும். கொண்டை ஊசி வளைவின் வாயில், பின்னால் பேருந்து வரும்போது அந்த ஒன்றிரண்டு நொடி சிறிய விஷயமல்ல.

இரண்டாவது: தானாக எப்படி மாறுகிறது?

"ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே சொல்லால் பல அமைப்புகளை அழைக்கிறோம். சாதாரண கியர் பெட்டியிலேயே கிளட்சை மோட்டார் இயக்கும் வகை ஒன்று. பட்டையும் கப்பியும் கொண்டு படிகளே இல்லாமல் விகிதம் மாறும் வகை இன்னொன்று. மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டரும் கோள் பற்சக்கரத் தொகுதிகளும் கொண்ட வகை. அந்த மாமாவின் பிக்கப்பில் இருந்தது மூன்றாவது. எந்த வகை என்று தெரியாமல் பழுது தேடத் தொடங்கக் கூடாது என்பதே முதல் பாடம்.

டார்க் கன்வெர்ட்டரை விளக்க 2 மின்விசிறிகள் போதும். ஒன்றை எதிரெதிராக மற்றொன்றின் முன் வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், மின்சாரமே இல்லாத மற்றதும் மெதுவாகச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் எண்ணெயின் திசையைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரம். இந்த மூன்றாவது சக்கரம்தான் திருப்புவிசையைப் பெருக்குகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பல்களுக்காக 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. முழுத் தானியங்கி கியர் பெட்டி பெருமளவில் கார்களுக்கு வந்தது 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு வைத்த பெயர் ஹைட்ரா-மேட்டிக்.

கோள் பற்சக்கரத் தொகுதியில் நடுவே சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். பிடிப்பதும் விடுவதும் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளின் வேலை. அவற்றை அழுத்துவது எண்ணெய்.

இங்கே 9-ஆம் வகுப்பின் பாஸ்கல் விதி கைகொடுக்கிறது. எண்ணெயின் அழுத்தம் 10 பார் என்றும் பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், தட்டுகளை அழுத்தும் விசை 10,000 நியூட்டன். ஏறத்தாழ ஒரு டன் எடை! எண்ணெய் குறைந்து, பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சினால்? காற்றுக் குமிழி சுருங்கும், எண்ணெய் சுருங்காது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஒருமுறை காற்றோடும், ஒருமுறை தண்ணீரோடும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி கலந்த எண்ணெயில் அழுத்தம் ஏன் தாமதமாக எழுகிறது என்பதை மாணவரே சொல்வார்.

ஆக, ஒரு கியர் இறங்கும் பாதை இது:

மிதி → மிதியின் சென்சார் → கணினி → சொலினாய்டு → வால்வு → எண்ணெய் அழுத்தம் → கிளட்ச் தட்டுகள் → பற்சக்கரம்

இதைக் கரும்பலகையில் அப்படியே எழுதி வைத்தேன். பாடம் முடியும்வரை அழிக்கவில்லை.

மூன்றாவது: ஊகப் பட்டியல்

"எதனால் தாமதம்?" என்று கேட்டுக் குழுவாக எழுதச் சொன்னேன். வந்த விடைகளில் சில:

1. எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம்.
2. மிதி முழுவதும் போகாமல் இருக்கலாம்.
3. சென்சார் தவறாகச் சொல்லலாம்.
4. வால்வில் அழுக்கு சேர்ந்திருக்கலாம்.
5. கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கலாம்.
6. எஞ்சினுக்கே வலு இல்லாமல் இருக்கலாம். கியரைக் குறை சொல்கிறோம்.
7. மேலே காற்று குறைவு, அதனால் இருக்கலாம்.

ஏழாவதைச் சொன்ன மாணவியைப் பாராட்டினேன். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. ஆனால், டர்போ உள்ள எஞ்சின் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தவிர, அதே மலையில் மற்ற வண்டிகள் நன்றாக ஏறுகின்றன. இந்த வண்டி போளூர்ச் சமவெளியிலும் தாமதிக்கிறது என்று மாமா சொன்னார். ஊகம் நல்லது, சான்று அதை ஏற்கவில்லை. "தப்பு" என்று அழிக்காமல், "சான்று ஏற்கவில்லை" என்று பக்கத்தில் எழுதினோம். அந்த வேறுபாடு முக்கியம்.

நான்காவது: தொடாமல் கண்டறிதல்

பழுது தேடுவதில் ஒரு வரிசை உண்டு. கேள், பார், முகர்ந்து பார், அளந்து பார். கழற்றுவது கடைசி. செலவில்லாததை முதலில் செய். செலவுள்ளதைப் பிறகு செய்.

கேள்: மாணவர்கள் மாமாவிடம் கேட்க 8 கேள்விகள் தயாரித்தார்கள். எப்போதிலிருந்து? வண்டி சூடான பின்பா, காலையிலேயா? சுமை இருந்தால் மட்டுமா? எல்லாக் கியரிலுமா? எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? டயர் அளவு மாற்றியதுண்டா? சிக்கன ஓட்டப் பொத்தான் அழுத்தி இருக்கிறதா? பதில்களில் 2 தனித்தனிக் குறைகள் வெளிப்பட்டன. முழுவதும் மிதித்தாலும் 2-ஆம் கியருக்கு இறங்குவதே இல்லை என்பது ஒன்று. 3-ஆம் கியருக்கு இறங்குகிறது, ஆனால் தாமதமாக என்பது இன்னொன்று. அதுவரை எல்லோரும் ஒரே கோளாறு என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பார்: ஓட்டுநர் பக்கத் தரையில் கம்பெனி விரிப்பின் மேல் இன்னொரு தடித்த ரப்பர் விரிப்பு. மழைக்காலச் சேற்றுக்காகப் போட்டது. மிதி அதில் முட்டி நின்றது. தானியங்கி வண்டியில் மிதியை ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் "அவசரமாக வலு வேண்டும்" என்று கணினி புரிந்துகொண்டு, 2 கியர்கூட ஒரே தடவையில் இறக்கும். ஓட்டுநர்கள் இதை கிக்-டவுன் என்பார்கள். மிதி அடிவரை போகாவிட்டால் அந்தக் கட்டளை பிறக்கவே பிறக்காது. மேல் விரிப்பை எடுத்ததும் முதல் குறை நீங்கிவிட்டது. வகுப்பில் ஒரே கைதட்டல்.

இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிட ஆசை வரும். முடிக்கக் கூடாது. ஒரு கோளாறு கிடைத்ததும் தேடலை நிறுத்துவதே பழுதறிதலில் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டாவது குறை அப்படியே இருந்தது.

ஐந்தாவது: தாமதத்தை அளத்தல்

"தாமதம்" என்பது உணர்வு, "1.8 நொடி" என்பது அளவு. அளக்க நாங்கள் பயன்படுத்தியது கைபேசிக் காணொளி. நொடிக்கு 30 படங்கள் பதிவாகும். மாமா மிதிக்கும் கணத்தில் "ம்" என்பார். பக்கத்து இருக்கையில் நான் அமர்ந்து, எஞ்சின் சுழற்சி காட்டும் முள்ளைப் பதிவு செய்தேன். வகுப்பில் படம் படமாக நகர்த்தி, "ம்" முதல் முள் எழுந்து நிலைக்கும்வரை எத்தனை படங்கள் என்று மாணவர்கள் எண்ணினார்கள்.

5 முறை எடுத்ததில்: 52, 55, 54, 57, 52. சராசரி 54 படங்கள்; 54 ÷ 30 = 1.8 நொடி.

இதில் பிழை எவ்வளவு இருக்கும் என்றும் விவாதியுங்கள். வாய் சொல்வதும் கால் மிதிப்பதும் ஒரே கணத்தில் நிகழாது. ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு நொடி முன்பின் ஆகலாம். ஆனால், 1.8 நொடியை அது மறைத்துவிடாது.

அந்த முள்ளின் நடத்தையிலேயே நோய்க்குறி இருக்கிறது:

முள் எழவே இல்லை என்றால் கியர் இன்னும் இறங்கவில்லை.
முள் உடனே எழுந்தும் வண்டி இழுக்கவில்லை, சிறிது நேரம் கழித்து இழுக்கிறது என்றால் கியர் இறங்கிவிட்டது. எஞ்சின் அல்லது டர்போவின் பக்கம் பாருங்கள்.
முள் தேவைக்கு மேல் தாவி எழுந்து, பிறகு இறங்கி நிலைத்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது.

எங்கள் காணொளியில் முள் முதலில் அசையாமல் நின்று, பிறகு சற்றே தாவி நிலைத்தது.

ஆறாவது: கட்டளை தாமதமா, செயல் தாமதமா?

இந்தப் பாடத்தின் நடு நரம்பு இந்தக் கேள்விதான். கரும்பலகையில் உள்ள பாதையை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். சொலினாய்டு வரை கட்டளை. அதற்குப் பின் செயல். நடுவில் நின்று பார்த்தால், பாதிக் காரணங்களை ஒரே அளவீட்டில் தள்ளிவிடலாம்.

அதற்கு மெக்கானிக்கின் ஸ்கேனர் தேவைப்பட்டது. பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் பள்ளி மைதானத்துக்கே கொண்டுவந்தார். முதலில் பிழைக் குறியீடுகளைப் பார்த்தோம். கியர் விகிதம் பொருந்தவில்லை என்றால் பி0730, உள்ளீட்டு வேகச் சென்சாருக்கு பி0715, வெளியீட்டு வேகச் சென்சாருக்கு பி0720, முதல் சொலினாய்டுக்கு பி0750 என்பவை பொதுக் குறியீடுகள். ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை. குறியீடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று பொருளல்ல என்றார் அண்ணன். தனக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டினால்தான் கணினி புகார் எழுதும்.

பிறகு மாமாவும் அண்ணனும் மட்டும் வண்டியை ஓட்டி, ஓடும்போதே அளவுகளைப் பதிவு செய்து கொண்டுவந்தார்கள். அதில் 3 கோடுகள்: கணினி கேட்ட கியர், உள்ளீட்டுத் தண்டின் வேகம், வெளியீட்டுத் தண்டின் வேகம். மிதித்த 0.2 நொடிக்குள் "3-ஆம் கியர்" என்ற கட்டளை வந்துவிட்டது. வெளியீடு 1,200 சுற்று. ஆகவே, உள்ளீடு 1,800-ஐ எட்ட வேண்டும். அது எட்டியது 1 நொடிக்கும் மேல் கழித்து, அதுவும் 1,800-ஐத் தாண்டிப் போய்த் திரும்பி.

கட்டளை சரி, செயல்தான் தாமதம். மிதி, சென்சார், கணினி மூன்றும் குற்றப்பட்டியலிலிருந்து நீங்கின. மீதம் எண்ணெய், வால்வு, தட்டு. இதில் செலவு குறைந்தது எண்ணெய்.

ஏழாவது: எண்ணெய் சொன்ன சாட்சி

இக்காலக் கியர் பெட்டிகள் பலவற்றில் எண்ணெய் அளக்கும் குச்சி கிடையாது. உற்பத்தியாளர் குறிப்பிடும் வெப்பநிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டமாக நிற்க, நிரம்பி வழியும் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் ஒரு மட்டம், கொதிக்கும்போது பார்த்தால் ஒரு மட்டம். வெப்ப விரிவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

மெக்கானிக் திறந்தபோது ஒரு துளியும் வழியவில்லை. எண்ணெய்க் குளிர்விப்பான் குழாயின் இணைப்பில் ஈரமும் அதில் ஒட்டிய செம்மண்ணும் இருந்தன. கசிவு அங்கேதான். சொட்டுச் சொட்டாகப் போனதால் தரையில் கறை தெரியவில்லை. வெளியே எடுத்த எண்ணெய் செந்நிறம் மங்கிப் பழுப்பாக இருந்தது. ஆனால் கருகிய வாடை இல்லை, உலோகத் துகள்களும் தென்படவில்லை. அது நல்ல செய்தி. கருகிய வாடையும் கரிய துகள்களும் இருந்திருந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று பொருள். அப்போது கழற்றத்தான் வேண்டியிருக்கும்.

இணைப்பின் ரப்பர் வளையத்தை மாற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் வகை எண்ணெயை, சொல்லும் மட்டம்வரை நிரப்பினார். கையில் கிடைத்த ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊற்றக் கூடாது. தட்டுகளின் உராய்வுக்கேற்ப எண்ணெயின் கலவை அமைக்கப்படுகிறது. வகை மாறினால் வழுக்கும் அல்லது உதறும்.

அடுத்த நாள் மீண்டும் 5 பதிவுகள். சராசரி 21 படங்கள், 0.7 நொடி. கியர் பெட்டி கழற்றப்படவில்லை. அன்று மாலை அந்தப் பையனின் மாமா பள்ளிக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார்.

எட்டாவது: இறக்கத்தில் உயிர்

ஏற்றத்தில் தாமதம் தொல்லை. இறக்கத்தில் அது ஆபத்து. இறக்கத்தில் தாழ்ந்த கியர்தான் எஞ்சினைத் தடையாக்கி வண்டியைப் பிடித்துவைக்கிறது. கணக்கு போடுவோம். 3,000 கிலோகிராம் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 3,000 × 9.8 × 500 = 1 கோடியே 47 லட்சம் ஜூல். 25 டிகிரியில் உள்ள 46 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது. எஞ்சின் தன் பங்கை ஏற்காவிட்டால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பது இப்படித்தான்.

ஆகவே, தானியங்கி வண்டியானாலும் இறக்கம் தொடங்கும் முன்பே கைமுறை நிலைக்கோ தாழ்நிலைக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்லட்டும். இன்னொன்றையும் சொல்லட்டும்: சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்ததை இந்த மலை மறக்கவில்லை. அந்தத் துயரத்தை வகுப்பில் கணக்காக்க வேண்டாம். ஆனால், மலைப்பாதையில் பாதுகாப்பைப் பேச நமக்கு இருக்கும் கடமையை அது நினைவூட்டுகிறது.

ஆசிரியர் கவனத்துக்கு

ஓடும் வண்டியில் மாணவர்களை ஏற்றி எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. காணொளியும் பதிவும் மட்டுமே வகுப்புக்கு வர வேண்டும்.
பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் முழுவதும் மிதிக்கும் சோதனையைச் சில இடங்களில் செய்வார்கள். அதைச் செய்துகாட்ட வேண்டாம். கியர் பெட்டியும் கெடலாம், வண்டியும் பாயலாம்.
சூடான எண்ணெய் சுடும். வண்டிக்கு அடியில் போவது மெக்கானிக்கின் வேலை, மாணவரின் வேலை அன்று.
வண்டி கிடைக்காத பள்ளியில் கியர் சைக்கிள், தையல் எந்திரம், கிணற்று மோட்டார் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் பழுதைக் கொண்டு இதே வரிசையை நடத்தலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வெளியீட்டுத் தண்டு 1,000 சுற்று, 2-ஆம் கியர் விகிதம் 2.1. உள்ளீட்டுத் தண்டு 2,400 சுற்று காட்டினால் என்ன முடிவுக்கு வருவாய்?
2. கட்டளையே 1 நொடி தாமதமாக வருகிறது என்றால் எந்தெந்த உறுப்புகளைச் சோதிப்பாய்? ஏன்?
3. எண்ணெயில் காற்று கலந்தால் பாஸ்கல் விதி பொய்யாகிறதா? விளக்குக.
4. காலையில் நன்றாக இறங்கும் கியர், வண்டி சூடான பின் தாமதிக்கிறது. 2 ஊகங்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையையும் எழுதுக.
5. உன் வீட்டில் பழுதான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது செயல்படும் பாதையை அம்புக்குறிகளால் வரைக. நடுவில் எங்கே சோதிப்பாய்?

நிறைவாக

மூன்றாவது வாரக் கடைசியில் கரும்பலகையில் இருந்த அந்தப் பாதையை அழிக்கப் போனேன். கை நின்றது. மிதி, சென்சார், கணினி, சொலினாய்டு, எண்ணெய், தட்டு. என் வகுப்பில் தாமதமாகப் பதில் சொல்லும் குழந்தைகளை நான் எத்தனை முறை "மெதுவா படிக்கிற பிள்ளை" என்ற ஒரே சொல்லில் அடைத்திருக்கிறேன்! கேள்வி அந்தக் குழந்தையின் காதுக்குச் சேரவில்லையா? பாடநூல் தமிழ் அதன் வீட்டுத் தமிழிலிருந்து விலகி நிற்கிறதா? விடை தெரிந்தும், எழுந்து நிற்கக் கூச்சமா? காலையில் சாப்பிடாமல் வந்த உடம்பில் எண்ணெய் குறைவா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எதையும் பார்க்காமல் "பெட்டியையே கழற்ற வேண்டும்" என்று சொன்ன அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

பிக்கப் பாடத்தைத் தொடங்கி வைத்த அந்தப் பையன், அதுவரை என் பதிவேட்டில் தாமதக்காரர் வரிசையில்தான் இருந்தான். இப்போது அவனிடம் கேள்வி கேட்டால் சற்றுக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் பதில் வருகிறது.